ரிமோட் கையில், சூட்சுமம் பேட்டரியில்

லெகோ கட்டைகளில் ரிமோட் வண்டி கட்டும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு எஸ்.பி. ரோடு சொல்லிக்கொடுக்கும் பாடம்: மின்சாரத்தின் வரவு செலவு.

பெங்களூர் எஸ்.பி. ரோடில் சனிக்கிழமை மாலை நடந்து போவது லேசான காரியமல்ல. டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில் பழைய கம்ப்யூட்டர்கள், ஒயர்ச் சுருள்கள், டிரான்ஸ்பார்மர்கள், டப்பா டப்பாவாகக் குட்டி மோட்டார்கள் என்று எலெக்ட்ரானிக்ஸ் உலகமே கொட்டிக் கிடக்கிறது. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படி பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. பிராஜெக்டுக்குச் சாமான் தேடி முண்டியடிக்கும் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தென்படுவதுண்டு. பின்னால் பொறுமையாகவோ பொறுமை இழந்தோ ஓர் அப்பா நிற்பார். பிள்ளையின் கையில் லெகோ கட்டைகளால் கட்டிய ஒரு வண்டி இருக்கும்.

வண்டிக்கு வியாதி பெரும்பாலும் ஒன்றுதான். மொசைக் தரையில் ஓடுகிறது. தலையணை மேல் ஏறச் சொன்னால் மோட்டார் முனகுகிறது, சக்கரம் நின்றுவிடுகிறது. இன்னும் பவரான மோட்டார் வேண்டும் என்பது கோரிக்கை. கடைக்காரர்கள் திருப்பிக் கேட்பதும் வழக்கமான ஒரே கேள்விதான்: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்?

பதில் தெரியாமல் பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து விழிக்கும் அந்த நிமிடத்தில் விளையாட்டு பாடமாக மாறுகிறது.

கட்டைக்குள் புகுந்த மோட்டார்

லெகோவின் கதை டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் தொடங்குகிறது. ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் அங்கே மரப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு அந்தக் கம்பெனி காப்புரிமை கோரியது 1958-ல். எட்டுக் குமிழ் கொண்ட ஆறு கட்டைகளை மட்டும் வைத்து 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் அடுக்கலாம் என்பது கணிதக்காரர்கள் போட்ட கணக்கு.

கட்டைகளுக்குள் மின்சாரம் 1960-களிலேயே நுழைந்துவிட்டது. 1966-ல் மோட்டார் வைத்த ரயில் வந்தது. 1977-ல் பல்சக்கரமும் அச்சும் கொண்ட டெக்னிக் வரிசை வந்தது. 1998-ல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பெயரில் புரோகிராம் எழுதி இயக்கும் கட்டையே வந்துவிட்டது. 2007-ல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வரிசைதான் சாதாரணப் பிள்ளைகளின் கைக்கு ரிமோட்டைக் கொண்டுசேர்த்தது. அதில் ஆறு பென்சில் பேட்டரி போடும் ஒரு பெட்டி, இரண்டு மூன்று அளவுகளில் மோட்டார், டி.வி. ரிமோட் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையில் இயங்கும் ரிமோட் எல்லாம் உண்டு. நான்கு சேனல், சேனலுக்கு இரண்டு மோட்டார் என்று ஒரே அறையில் எட்டு மோட்டார்களை ஆட்டிவைக்கலாம்.

சில நூறு ரூபாய்க்கு முழு ரிமோட் காரே கடையில் கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் கடைக் காரின் மூடியைத் திறந்தால் அது அத்துடன் தீர்ந்தது. கட்டை வண்டியை எத்தனை முறை பிரித்தாலும் திரும்பக் கட்டலாம். எது எங்கே தவறியது என்று கண்ணால் பார்க்கலாம்.

ஒன்று கொடுத்தால் ஒன்று

மோட்டாரின் கணக்கு சந்தைக் கணக்கு மாதிரி. வேகத்தைக் கொடுத்தால் பலம் கிடைக்கும். பலத்தைக் கொடுத்தால் வேகம் கிடைக்கும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையின் பெரிய மோட்டார் சுமை இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 220 சுற்று சுற்றும். அதன் அச்சில் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள சக்கரத்தை நேராகச் செருகினால் வண்டி நிமிடத்துக்குச் சுமார் 43 மீட்டர் ஓட வேண்டும். காகிதத்தில் ஓடும். தலையணை முன் நின்றுவிடும். மோட்டார் அச்சில் எட்டுப் பல் சக்கரத்தையும் சக்கர அச்சில் 24 பல் சக்கரத்தையும் மாட்டினால் வேகம் மூன்றில் ஒன்றாகி 14 மீட்டராகக் குறையும். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் வலு ஏறக்குறைய மூன்று மடங்காகும். இப்போது தலையணை ஏறுகிறது.

'ஏறக்குறைய' என்ற அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு ஜோடிப் பல்சக்கரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சக்தியை உராய்வாகத் தின்றுவிடுகிறது. ஐந்தாறு ஜோடிகளை வரிசையாக வைத்தால் பிரம்மாண்டமான பலம் வரும் என்று கணக்குப் போடும் பிள்ளை, கடைசியில் அச்சு முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறது. பிளாஸ்டிக் அச்சுக்குத் தாங்கும் எல்லை உண்டு என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

இந்த உண்மையை உலகமே பார்க்கும்படி லெகோ கம்பெனியே 2018-ல் ஒரு வண்டியில் காட்டியது. புகாட்டி ஷிரான் என்ற பந்தய ரகக் காரை அசல் அளவில் டெக்னிக் பாகங்களால் கட்டினார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமான பாகங்கள். 2,300-க்கும் அதிகமான பொம்மை மோட்டார்கள். எடை சுமார் ஒன்றரை டன். ஆள் உட்கார்ந்து ஓட்டினார். கிடைத்த வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அத்தனை மோட்டாரும் சேர்ந்து கொடுத்ததாகக் கணக்கிட்ட சக்தி 5.3 குதிரைத்திறன், அதாவது மோட்டாருக்கு 2 வாட் கூட இல்லை. அசல் ஷிரானின் திறன் 1,500 குதிரைத்திறன். மோட்டாரை எண்ணிக்கையில் பெருக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விடை கிடையாது.

பெட்டிக்குள் ஆறு பேட்டரி

மோட்டாரைத் திட்டுகிறவர்கள் பல சமயம் திட்ட வேண்டியது பேட்டரியை. ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரிகள் ஆறை வரிசையாக இணைத்தால் 9 வோல்ட். ஆனால் மோட்டார் திணறும்போது அதிக மின்னோட்டத்தை இழுக்கும். சாதாரண அல்கலைன் பேட்டரியின் உள்தடை அதற்கு இடம் கொடுக்காது. வோல்ட் சரிகிறது, வண்டி தளர்கிறது. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். ஆறும் சேர்ந்து 7.2. கணக்குப்படி இது பலவீனம். மேட்டில் ஏறும்போதோ இதுவே தேவலை. கேட்ட மின்னோட்டத்தை விடாமல் கொடுக்கிறது.

எடையும் கணக்கில் சேர்கிறது. ஆறு பேட்டரிகள் சுமார் 150 கிராம். வண்டிக்குப் பலம் போதவில்லை என்று இரண்டாவது பெட்டியை ஏற்றினால், அந்தப் பெட்டியைச் சுமக்கவே புதிய பலத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. இந்தப் பொறியில் மாட்டிக்கொண்டவர்கள் பொம்மைக்காரர்கள் மட்டுமல்ல. இதே ஊரில் அசல் கார் கட்டியவர்களும் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

2001-ல் பெங்களூரில் ரேவா மின்சாரக் காரைச் சேத்தன் மைனி விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு கதவு கொண்ட அந்தக் குட்டிக் காருக்குள் 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் எட்டு இருந்தன. எட்டும் வரிசையாக இணைந்து 48 வோல்ட். பென்சில் பேட்டரிப் பெட்டியின் அதே தத்துவம்தான். காரின் எடையில் கணிசமான பங்கை பேட்டரியே பிடித்துக்கொண்டது. ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 80 கிலோமீட்டர். இன்னும் தூரம் வேண்டுமென்றால் இன்னும் பேட்டரி; இன்னும் பேட்டரி என்றால் இன்னும் எடை. லித்தியம் பேட்டரி வந்த பிறகே இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. இதில் வேடிக்கையான ஓர் உறவும் உண்டு. ரேவாவின் வெளிப்புறத் தகடுகள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. லெகோ கட்டைகளை 1963 முதல் வார்ப்பதும் அதே வகைப் பிளாஸ்டிக்கில்தான்.

லண்டன் தெருக்களில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடிய ரேவாவின் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்குகளை 2010-ல் மஹிந்திரா வாங்கியது. ரேவா இன்று உற்பத்தியில் இல்லை. ஆனால் எடைக்கும் மின்சாரத்துக்கும் நடுவே அது நடத்திய பேரம் இன்றைய ஒவ்வொரு மின்சார ஸ்கூட்டரிலும் தொடர்கிறது.

ரிமோட் யாருடையது?

இன்ஃப்ராரெட் ரிமோட்டுக்கு வெயில் ஆகாது. அறைக்குள் பத்து மீட்டர் தூரம்வரை சொன்னபடி கேட்கும் வண்டி, மொட்டை மாடிக்குப் போனால் காது கேளாததுபோல் நிற்கும். சூரிய ஒளியிலும் இன்ஃப்ராரெட் இருப்பதால் ரிசீவர் குழம்பிவிடுகிறது. இதற்கு விடையாக 2018 முதல் லெகோ தன் வண்டிகளை புளூடூத்துக்கு மாற்றியது. வெயில் பிரச்னை தீர்ந்தது. வேறொரு பிரச்னை வந்து சேர்ந்தது.

புதிய பெரிய வண்டிகள் பலவற்றை ஓட்ட செல்போனில் ஒரு செயலி வேண்டும். செயலி இருக்கும்வரை வண்டி. போனின் புதிய மென்பொருளோடு செயலி ஒத்துப்போகாவிட்டால் ஆயிரக்கணக்கான ரூபாய் வண்டி அலமாரிப் பொருள். இது வெறும் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 24 ஆண்டு ஓடிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையை லெகோ 2022 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. கட்டைக்கு வயதாவதில்லை, 1958 கட்டையின் மேல் இன்றைய கட்டை கச்சிதமாக உட்காரும். அதை ஓட்டும் மென்பொருளுக்கு அந்த ஆயுள் கிடையாது.

ஆகவே உலகெங்கும் கட்டை ஆர்வலர்கள் தாங்களாகவே மாற்று தேடினார்கள். ஹங்கேரியிலிருந்து 2014-ல் 'எஸ்-பிரிக்' என்ற புளூடூத் கட்டை வந்தது. லெகோவின் மூளைக் கட்டைக்குள் ஏற்றிக்கொள்ள 'பைபிரிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் வந்தது. அதை ஏற்றிவிட்டால் செயலி இல்லாமலே வண்டி ஓடும். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கோ மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது எஸ்.பி. ரோடு.

இந்தியாவில் லெகோ எப்போதும் கைக்கடக்கமான விலையில் இருந்ததில்லை. பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரியை மத்திய அரசு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏற்றியது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. மட்டமான, ஆபத்தான சரக்கு குறையவும் உள்ளூர்த் தயாரிப்பு வளரவும் இவை உதவும் என்பது அரசின் வாதம். நடுத்தரக் குடும்பத்தில் கட்டைப் பெட்டியைப் பிறந்த நாளுக்கு வாங்கினால், மோட்டாரும் மூளையும் அடுத்த பிறந்த நாளுக்குத்தான் என்பது இதன் இன்னொரு பக்கம்.

அங்கேதான் எஸ்.பி. ரோடு உதவிக்கு வருகிறது. சில நூறு ரூபாய்க்கு ஈ.எஸ்.பி.-32 என்ற சில்லுப் பலகை கிடைக்கிறது. அதற்குள் புளூடூத்தும் வை-ஃபையும் உண்டு. அதனிடமிருந்து கட்டளை வாங்கி மோட்டாருக்கு மின்சாரம் விடும் 'டிரைவர்' பலகை ஒன்று. பவர் ஃபங்ஷன்ஸ் ஒயரில் நான்கு கம்பிகள் இருக்கும். அவற்றில் நடுவிலுள்ள இரண்டுதான் மோட்டாருக்குப் போகின்றன என்று தெரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்தது. மீதிப் பாதி சால்டரிங். விரலை ஒருமுறையாவது சுட்டுக்கொள்ளாமல் இதைக் கற்றவர்கள் குறைவு.

இங்கேயும் வரவு செலவு துரத்துகிறது. கடைகளில் பரவலாக விற்கும் எல்-298 என்ற பழைய ரக டிரைவர், தன் வழியாகப் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 2 வோல்ட்டை வெப்பமாக விழுங்கிவிடும். 7.4 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போவது ஐந்தரைக்குள்தான். அதன் மேல் பெரிய அலுமினியத் தகடு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு விடை விரலிலேயே சுடும். புதிய ரக டிரைவரில் இந்த நஷ்டம் மிகக் குறைவு. மோட்டாரை மாற்றாமல், பேட்டரியை மாற்றாமல், ஒரு சின்னப் பலகையை மாற்றியே வண்டி துள்ளி ஓடுவது அப்போது மாயமாகத் தோன்றும்.

எச்சரிக்கையும் வேண்டும். 18650 எனப்படும் லித்தியம் செல்கள் இரண்டு, ஆறு பென்சில் பேட்டரிகளைவிட எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் கம்பி முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் தீப்பிடிக்கக்கூடியவை. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்து, மேலுறை மட்டும் புதிதாகப் போட்ட செல்கள் சந்தையில் புழங்குவதுண்டு. பாதுகாப்புச் சுற்று இல்லாமல் லித்தியம் செல்லைக் குழந்தையின் கையில் கொடுப்பது, அதற்கான சார்ஜர் இல்லாமல் வேறெதிலோ சார்ஜ் செய்வது இரண்டும் விபரீதம். லெகோவின் பேட்டரிப் பெட்டி அதிக மின்னோட்டம் பாய்ந்தால் தானாகவே நின்றுவிடும். கையால் கட்டுகிறவர்கள் விலையில் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இது.

நிலவில் ஓடிய வண்டி

பெங்களூரிலிருந்து ஓட்டிய ரிமோட் வண்டிகளிலேயே மிகத் தொலைவில் ஓடியதற்கும் இதே கணக்குதான். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல். லேண்டரின் சரிவுப் பலகை வழியாக இறங்கி வந்த பிரக்யான் ரோவருக்கு ஆறு சக்கரம், 26 கிலோ எடை. அதன் சூரியத் தகடு கொடுக்கும் மின்சாரம் 50 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பை எரியவைக்கக் கூடப் போதாது. அதிலேயே ஓட வேண்டும், படம் எடுக்க வேண்டும், மண்ணை ஆராய வேண்டும், லேண்டர் மூலம் பூமியோடு பேச வேண்டும்.

ஆகவே வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். தலையணை ஏறும் அந்த லெகோ வண்டி இதைவிட 20 மடங்குக்கு மேல் வேகமானது. ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் விட்டமுள்ள பள்ளம் தெரிந்ததும் பெங்களூரிலிருந்து கட்டளை போனது; பிரக்யான் வந்த வழியே திரும்பி வேறு பாதை பிடித்தது. சக்கரம் புதையாமல் இருக்கும் வித்தையில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துத் தயாரித்த செயற்கை நிலவு மண் பெங்களூர்ப் பரிசோதனைகளுக்குப் பயன்பட்டது.

நூறு மீட்டருக்கு மேல் ஓடிய பிரக்யானை செப்டம்பர் தொடக்கத்தில், பேட்டரியில் முழு சார்ஜோடு, தகட்டை அடுத்த சூரிய உதயத்தை நோக்கித் திருப்பி உறங்கவைத்தார்கள். செப்டம்பர் 22-ல் பொழுது விடிந்தும் அது விழிக்கவில்லை. வடிவமைத்தபோது கொடுத்த ஆயுள் ஒரு நிலவுப் பகல், அதாவது பூமிக் கணக்கில் 14 நாள். கொடுத்த பணிகளை அதற்குள் அது முடித்துவிட்டது.

கட்டை வண்டி கட்டும் எல்லாப் பிள்ளைகளும் விண்வெளி விஞ்ஞானிகளாகப் போவதில்லை. அப்படிச் சொல்லித்தான் விலையுயர்ந்த ரோபாட்டிக்ஸ் வகுப்புகள் விற்பனையாகின்றன. வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்காக 2016 முதல் நிதி ஆயோக் 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தை நடத்துகிறது. நாடெங்கும் 10,000 பள்ளிகளில் அப்படிப்பட்ட கூடங்கள் அமைந்தன. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டில் மேலும் 50,000 கூடங்கள் என்று 2025 பட்ஜெட் அறிவித்தது. அங்கே பெட்டி வாங்குவது சுலபம். பிள்ளை வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு விழிக்கும்போது, திட்டாமல் பக்கத்தில் உட்காரும் ஆசிரியர் கிடைப்பதுதான் கஷ்டம்.

எஸ்.பி. ரோடில் பவரான மோட்டார் கேட்டு வரும் வண்டிகளுக்குச் சில சமயம் மோட்டாரே தேவைப்படுவதில்லை. வண்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தை விரலால் சுண்டிப் பார்த்தால் போதும். சுழலாமல் இறுக்கமாக நின்றால், அச்சின் நுனியில் மாட்டிய குட்டி வளையம் கட்டையோடு அழுந்திக் கிடக்கிறது என்று பொருள். வளையத்தை நகம் அளவுக்கு நகர்த்திவிட்டால் அச்சு மூச்சுவிடும். அதே பேட்டரி, அதே மோட்டார். தலையணையும் அதேதான். ஆனால் இம்முறை வண்டி ஏறும். காலிக் கையோடு வீடு திரும்பும் அந்தப் பிள்ளை அன்று வாங்கிப் போவதற்கு பில் கிடையாது.